மாவுச் சீர்

கனமே இல்லாத தட்டைக் கனமாகத் தூக்குவது எப்படி என்று என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்களுக்குப் பாடம் நடத்தினார். எங்களுக்கு என்றால் எனக்கு, என் தங்கைக்கு, பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலருக்கு. கூடத்தில் காலி பிளாஸ்டிக் தட்டுகளை வரிசையாக வைத்துவிட்டு, கையில் பிரம்பு இல்லாத குறையாக நின்றார்.

“முட்டியை லேசா மடக்கணும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத் தூக்கணும். குத்துவிளக்குத் தட்டைத் தூக்குறவங்க மட்டும் ‘அம்மாடி’ன்னு ஒரு சத்தம் விடணும். எங்க தமயந்தி, நீ தூக்கு பாப்போம்.”

தூக்கினேன்.

“என்ன, காத்தைத் தூக்குற மாதிரி தூக்குற?”

“காத்தைத்தானே தூக்கப்போறோம்?”

பெண்கள் சிரித்தார்கள். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “உனக்கென்ன, வாய் இருக்கு, பேசிடுவ. சபையில நிக்கப்போறது நானு” என்றார். அவர் தங்கை ரோகிணியின் மகள் மகிழினிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். தாய்மாமன் என்ன சீர் கொண்டுவருகிறான் என்றுதான் ஊரே பார்க்கும். பிள்ளையின் காதைப் பார்க்கிற ஒரே ஆள் ஆசாரி.

என் வீட்டுக்காரர் குணசீலனுக்கு, ஆளில்லாமல் ஓடும் லாரிகள் பாதை மாறாமல் போகின்றனவா என்று திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வேலை. கண் போகிற வேலை, சம்பளமோ கால்வயிற்றுக்கு. மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் ரசம் வைத்தால் மறுநாளும் அதே ரசம்தான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? எங்கள் சட்டியில் வெள்ளிக் குத்துவிளக்கும் பட்டுப்புடவையும் எங்கே இருக்கிறது? அதனால்தான் மாவு.

மாவு என்பது அந்தோணியின் கடையில் வாடகைக்குக் கிடைக்கும். ஒருகாலத்தில் கல்யாணத்துக்கு அண்டா குண்டான் வாடகைக்கு விட்ட கடை அது. இப்போது அங்கே ஒரு அண்டாவும் இல்லை. வரிசையாக டிரம்கள், டிரம் நிறையச் சாம்பல் நிறத்தில் பொடி. நாங்கள் முதலில் போனபோது அந்தோணி ஒரு கரண்டி அள்ளி மேசையில் கொட்டி, பக்கத்தில் ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழை வைத்தான். பொடி எறும்புக் கூட்டம் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நான் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்ப்பதற்குள் இன்னொரு சிமிழாக நின்றது.

“ஒவ்வொரு மணியும் ஒரு குட்டி யந்திரம், அக்கா. பக்கத்து மணியைக் கை கோத்துப் பிடிச்சுக்கும். எதைக் காட்டுறோமோ அதுவா நிக்கும். நெறம், மினுமினுப்பு, தட்டினா வர்ற சத்தம், எல்லாம் அச்சு அசல்.”

“அப்ப எதுதான் வராது?” என்று கேட்டேன். எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. காய்கறிக்காரர் சிரித்தால்கூடத் தக்காளியைத் திருப்பிப் பார்ப்பேன்.

“கனம் வராது. பாக்கலாம், தொடலாம். தூக்கினா மட்டும் குட்டு உடைஞ்சிடும்.”

“உள்ள மணலைப் போட்டு வச்சா?” என்றார் இவர்.

“வேற எதையும் உள்ள விடாது, கக்கிடும். காலையில கரண்டு ஏத்திவிட்டா விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் நிக்கும். அப்புறம் பொலபொலன்னு உதிர்ந்துடும். மாச வாடகைக்காரங்களுக்கு ஒரு பலகை கொடுப்போம். அதுமேல இருக்குற வரைக்கும் உதிராது. உங்களுக்கு ஒருநாள்தானே, எதுக்குப் பலகை? உதிர்ந்ததைக் கூட்டி அள்ளி மூட்டையாக் கொண்டாங்க. கைக்குத் தெரியாத எடைதான், என் தராசுக்குத் தெரியும், போட்டு வாங்கிக்கிறேன்.” பிறகு குரலை இறக்கினான். “ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. காதுல, மூக்குல, ஒடம்புக்குள்ள போற எதையும் இதுல செய்யக்கூடாது. ஒரு பொண்ணு புதுசா மூக்கு குத்தி, மாவு மூக்குத்தி போட்டுருச்சு. சாயந்தரம் உதிர்ந்து சதைக்குள்ள போயிடுச்சு. உள்ள போனதுங்க கை கோத்துக்கிட்டு வெளிய வரவே இல்ல. மூக்குல பாதியை அறுத்து எடுத்தாங்க.”

“எங்களுக்குக் கம்மல் வேண்டாம் தம்பி. அது நெசமே இருக்கு” என்றேன்.

இருந்தது. என் அம்மா எனக்குப் போட்ட தோட்டை அழித்துப் பிள்ளைக்குப் பொடிப்பொடியாக ஒரு ஜோடி பொட்டுக் கம்மல் செய்திருந்தேன். ஆசாரி ஊதுகுழல் ஊதும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து கண் இமைக்காமல் பார்த்து வாங்கிவந்தது. அன்றிலிருந்து என் காது மூளி. முடியை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டு திரிகிறேன். ஆனாலும் ஒரு பெருமை இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அத்தனை மாவுக்கு நடுவில் அது ஒன்று நிஜம், அது என் காதிலிருந்து போனது. வேலைக்கு நடுவே அந்த ஜோடியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பேன். உப்பு அள்ளிப் பழகிய கைக்கு அளவு தெரிகிற மாதிரி, அதன் கனம் என் கைக்குப் பாடமாகிவிட்டது.

மாவு வந்ததிலிருந்து மனுசருக்கு மனுசர் நம்பிக்கை செத்துப்போய்விட்டது. விசேஷ வீட்டில் யாரைப் பார்த்தாலும் முதலில் கழுத்தைப் பார்ப்பது, பிறகு அந்தச் சங்கிலி நடக்கும்போது எப்படி ஆடுகிறது என்று பார்ப்பது. நல்லா இருக்கியா என்று கையைப் பிடிப்பது போல வளையலைத் தூக்கிப் பார்க்கிற பெரிய மனுஷிகள் உண்டு. ஆனால் வெளிப்படையாக ஒருவர் பொருளை இன்னொருவர் தூக்கிப் பார்ப்பது, அடுத்த வீட்டுச் சோற்றுப்பானையைத் திறந்து பார்ப்பது போன்ற அசிங்கம். யாரும் செய்ய மாட்டார்கள். சீர் ஒன்றுதான் விதிவிலக்கு. அதை நம் கையிலிருந்து அவர்கள் கை வாங்கித்தான் ஆகவேண்டும். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். எங்களுக்குக் கனம் இல்லாததுதான் பயம்.

ரோகிணிதான் அழுதாள். அவள் மாமியார் விஜயராணி வீட்டில் பிறந்தவீட்டிலிருந்து வந்த பொருளை வைத்துத்தான் மருமகளுக்கு மரியாதை. மூத்த மருமகளின் அண்ணன்கள் ஊர்வலமாகச் சீர் கொண்டுவந்தவர்கள், அவள் சோபாவில் உட்காருவாள். ரோகிணி சமையலறை வாசலில் நிற்பாள். “அண்ணே, நாலு பேருக்கு முன்னாடி தட்டு வந்தாப் போதும். சாயந்தரமே லாக்கருக்குப் போயிடுச்சுன்னு அத்தைகிட்டச் சொல்லிக்கிறேன்” என்றாள். தங்கை அழுதால் இவருக்குத் தாங்காது. நான் சரி என்றேன். மனசார இல்லை.

காதுகுத்துக்கு முதல்நாள் இவர் சட்டையைத் துவைக்கப் போட்டேன். பையைத் திருப்பினால் கையில் சாம்பல் நிறமாக நாலு மணி ஒட்டியது. மாவு.

எனக்குச் சுருக்கென்றது. சீரெல்லாம் மறுநாள் காலையில்தான் வேனில் வரப்போகிறது. இவர் பையில் ஏன் ஒரு சிட்டிகை மாவு? ஓடிப்போய்ப் பீரோவைத் திறந்து கம்மலைக் கையில் வைத்துப் பார்த்தேன். அதே கனம். அப்பாடா என்றிருந்தது. ஆனாலும் சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். மாவு வாடகைக்கே இவர் யாரிடம் கைமாற்று வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. கேட்டேன்.

“கடைக்கு நேத்து எதுக்குப் போனீங்க?”

“சும்மா. வேன் வருமான்னு கேக்க.”

“அதைப் போன்ல கேக்கக் கூடாதா?”

“உனக்கு எல்லாத்துலயும் ஒரு கேள்வி” என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். கம்மல் டப்பாவை அப்போதிருந்தே இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மறுநாள் கோயில் மண்டபத்தில் மேளம் முழங்க வரிசையாகப் போனோம். வெள்ளிக் குத்துவிளக்கு, பட்டு, பித்தளை அண்டா, பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு, தேக்கு நாற்காலி ஒன்று. வெற்றிலை, பூ, பழம் மட்டும் நிஜம். என் தங்கை “அம்மாடி” என்றது இரண்டு தெருவுக்குக் கேட்டிருக்கும். இன்னொருத்தி அண்டாவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் மூக்கைச் சொறிந்தாள். எனக்கு உயிர் போய்விட்டது.

வாசலில் விஜயராணி நின்றாள். நல்ல உயரம், நெற்றியில் அகலப் பொட்டு, பார்க்கிற பார்வையிலேயே நம்மை எடை போட்டு இறக்கிவைத்துவிடுவாள். என் கையிலிருந்த விளக்குத் தட்டை அவள்தான் வாங்கினாள். வாங்கிய அந்தக் கணம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணில் பார்த்தேன். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

அவள் முட்டியை மடக்கினாள். தோள் இறங்கியது. இடுப்பில் ஒரு கையை ஊன்றி, “ஆத்தீ, என்ன கனம்! ஏய், ஒருத்தி வந்து புடிங்கடி” என்றாள்.

இரண்டு பெண்கள் ஓடிவந்து தாங்கினார்கள். அவர்களும் முனகினார்கள். நாங்கள் ஒரு ஞாயிறு முழுக்கப் பழகியும் வராத கனம், அவளுக்கு ஒரு நொடியில் வந்துவிட்டது. பழகாத கைக்கு அது வராது. இவள் யாருக்காக நடிக்கிறாள்? எதற்கு எங்களைக் காப்பாற்றுகிறாள்? பின்னால் வைத்து அறையத்தான் முன்னால் தடவுகிறாளோ?

“கம்மல் தட்டு எங்க?” என்று கேட்டாள். இடுப்பிலிருந்து எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தேன். “சாமி பாதத்துல வச்சு எடுத்துட்டு வர்றேன்” என்று வாங்கிக்கொண்டு சன்னதிக்குள் போனாள். எங்கள் வீட்டுக்காரரும் பின்னாலேயே போனார். கொஞ்ச நேரம் கழித்து இருவரும் வந்தார்கள், தட்டும் வந்தது.

மகிழினியை மடியில் வைத்துக்கொண்டு இவர் உட்கார்ந்தார். பிள்ளை இவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டு சிரித்தது. ஆசாரி மஞ்சள் வைத்த இடத்தில் காதை அழுத்திப் பிடித்து, “மாமன் பொண்டாட்டி கம்மலைக் கொடும்மா” என்றார். கம்மலின் முனையே ஊசிபோல இருக்கும், அதைக்கொண்டே குத்திவிடுவார்.

எடுத்தேன். என் விரலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பூவிதழை எடுத்தது போல இருந்தது. உள்ளங்கையில் போட்டேன். பொட்டுக் கம்மல்தான், அதே உருவம்தான். கனம் இல்லை.

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் ஒட்டிய நாலு மணி கண்முன் வந்தது. பாவி மனுசா, பெற்ற பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, இதையுமா?

“கொடும்மா, நேரம் போகுது” என்றார் ஆசாரி.

கொடுத்தால் சீர் நிற்கும், இவர் மானம் நிற்கும், ரோகிணி நாளையிலிருந்து சோபாவில் உட்காருவாள். விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளையின் காதுக்குள் மாவு உதிரும். மூக்கு அறுபட்ட பெண்ணை நான் பார்த்ததில்லை, ஆனால் அவள் முகம் எனக்குத் தெரிந்தது.

“நிறுத்துங்க! இது மாவு!” என்று கத்திவிட்டேன்.

மேளம் நின்றது. ரோகிணி வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் முகத்தில் ரத்தமே இல்லை.

விஜயராணிதான் முதலில் பேசினாள். “எதைப் பாத்து மாவுங்குற? அது தங்கம்! சாமி சத்தியமாச் சொல்றேன், அது தங்கம். போடுங்க ஆசாரி!”

பேத்தியின் காதைவிடச் சபையா பெரிது இவளுக்கு? அந்த அழுத்தத்தைக் கேட்டு எனக்கு வெறியே வந்துவிட்டது.

“தங்கமா? பெரியம்மா, நாங்க கொண்டுவந்தது அத்தனையும் மாவு. விளக்கு மாவு, அண்டா மாவு, பட்டு மாவு. எங்களுக்கு வக்கில்ல, அதான் வாடகைக்கு எடுத்தோம். சந்தேகம்னா யாராச்சும் வந்து தூக்கிப் பாருங்க! வாங்க!”

யாரும் வரவில்லை. கூட்டம் முழுக்க அப்படியே நின்றது. மூத்த மருமகள் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். தேக்கு நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் அதைத் தொட்டுவிடாமல் தள்ளி நின்றுகொண்டார். தூக்கிப் பார்க்க ஆரம்பித்தால் அது எங்கள் தட்டோடு நிற்காது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது போலும்.

ஆசாரி கோயில் வேப்பமரத்தில் ஒரு கொத்து ஒடித்து, ஈர்க்கைச் சீவி, தன் ஊசியால் குத்தி ஈர்க்கைச் செருகிவிட்டார். பிள்ளை வீறிட்டது. நான் அந்தக் கம்மலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

மண்டபத்துக்குப் பின்னால் குழாயடியில் இவரைப் பிடித்தேன். “எங்க என் கம்மல்? எங்க வச்சீங்க? உங்க பையில மாவு ஒட்டியிருந்ததை நான் பாத்தேன்.”

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். “என்னையா கேக்குற?”

“வேற யாரை?”

“உனக்குத்தான் அந்த மாவு. உன் காது மூளியா இருக்கேன்னு, சபைக்கு வர்றப்போ ஒரு ஜிமிக்கி பண்ணிக் கொடுக்கலாம்னு அந்தோணிகிட்ட ஒரு சிட்டிகை வாங்கினேன். பாதி வழியில அந்த மூக்குத்திப் பொண்ணு ஞாபகம் வந்துச்சு. திரும்பப் போயிக் கொட்டிட்டு வந்துட்டேன். உன் காதுக்கே பயந்தவன், அந்தப் பிள்ளை காதுக்கா பண்ணுவேன்?” குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டார். “சபையில என்னை உரிச்சுட்ட, பரவாயில்ல. பிள்ளைக்காகப் பண்ணின. ஆனா என்னை நெனைச்ச பாரு.”

நம்பினேன். நம்பியதும் அடுத்த சந்தேகம் எழுந்தது. அப்படியானால் யார்?

சீரைச் சம்பந்தி வீட்டுக்கே கொண்டுபோக வேண்டியதாயிற்று. “எங்க வீட்டுக்கு வந்தது எங்க வீட்டுக்குத்தான் வரணும்” என்று விஜயராணி பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். ரோகிணி என்னோடு பேசவில்லை. ஒரே ஒரு தடவை, “மெதுவா என் காதுல சொல்லியிருக்கக் கூடாதா மதினி?” என்றாள். ஊசி காதில் இருக்கும்போது எப்படி மெதுவாகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

விளக்கு வைக்கிற நேரம் வந்தது. முன்னறையில் எங்கள் சீர் உதிர்ந்தது. அரிசி மூட்டையில் ஓட்டை விழுந்தது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். விளக்கு இல்லை, அண்டா இல்லை, வெற்றிலையும் பழமும் சாம்பல் குவியலில் கிடந்தன. நான் துடைப்பத்தை எடுத்தேன். கூட்டும்போது அந்த வீட்டுச் சோபாவுக்கு அடியில், பீரோவுக்கு அடியில், சாமி அலமாரிக்கு அடியில் துடைப்பம் இடித்தது. குனிந்து பார்த்தேன். எல்லாவற்றுக்கும் கீழே மெல்லிசாக ஒரு பலகை.

நிமிர்ந்தால் விஜயராணி நிற்கிறாள். நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

“என்ன பாக்குற? என் வீட்டுக்காரர் கண்ணை மூடின பின்னாடி இந்த வீடும் இப்படித்தான் ஓடுது” என்றாள். குரலில் கெஞ்சல் இல்லை. “உன் விளக்கை வாங்கினப்பவே தெரியும். என் வீட்டு வாசலுக்கு வந்த சீரை லேசுன்னு சொன்னா, யாருக்குக் கேவலம்? எனக்குத்தானே? அதான் தூக்கினேன்.” முந்தானையிலிருந்து ஒரு சின்னத் துணி முடிப்பை எடுத்தாள். “இந்தா, உங்க கம்மல், இந்நேரம் பொடியாயிருக்கும். அத்தனையும் மாவா இருக்கு, கம்மல் மட்டும் நெசமாவா இருக்கப்போகுதுன்னு எனக்குப் பயம். பிள்ளை காது வெந்து போயிடுமே. சன்னதியில உன் வீட்டுக்காரர் கண்ணை மூடிக் கும்பிட்டப்ப, அவசரத்துல கனம்கூடப் பாக்காம நாந்தான் மாத்தினேன். என் மகன் சதீஷுக்குக் காது குத்தின கம்மல் சாமி அலமாரியில இருந்துச்சு, இதே பொட்டுதான். எதுக்கும் இருக்கட்டும்னு அதை முன்னாடியே முடிஞ்சு எடுத்துட்டு வந்திருந்தேன். ஆயிரம்தான் இருந்தாலும் அது தங்கம். அதைப் போயி மாவுன்னு சபையில கத்திட்டியே.”

முடிப்பைப் பிரிக்காமலே என் உள்ளங்கையில் போட்டாள். அதே கனம். என் அம்மா தோட்டின் கனம்.

எங்களுடையது மாவு என்று நினைத்து நிஜத்தை எடுத்துவிட்டு, தன்னுடையது நிஜம் என்று நினைத்து மாவை வைத்திருக்கிறாள். அவள் நடிக்கவில்லை. அந்தச் சத்தியம் சத்தியமேதான்.

“என் மகன் கம்மலைக் கொடு. பத்திரமா வச்சிருக்கியா?” என்றாள்.

“பையில இருக்கு பெரியம்மா, எடுத்துட்டு வர்றேன்” என்று அடுக்களைப் பக்கம் போனேன். கைக்குட்டையை அவிழ்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு சிட்டிகைப் பொடி.

பின்னாலேயே ரோகிணியின் புருஷன் சதீஷ் வந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். கைக்குட்டையைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்துவிட்டான்.

“அக்கா, நாந்தான். வேலை போனப்ப வித்துட்டேன். இந்தப் பலகைங்களுக்கு வாடகை கட்டணும்ல? அம்மாவுக்குத் தெரியாம மாவுல பண்ணி அதே எடத்துல வச்சேன். ஊரெல்லாம் பொய், வீடெல்லாம் பொய், அது ஒண்ணு மட்டும் நெசம்னு தெனமும் அந்த அலமாரியைத் தொட்டுக் கும்புடுது. இது தெரிஞ்சா அம்மா தாங்காது அக்கா.” கட்டிலைத் திரும்பிப் பார்த்தான். “எம்பிள்ளை காதுலயே போயிருக்குமே, அக்கா.”

கன்னத்தில் ஒன்று விடலாம் போல இருந்தது. விடவில்லை. அவன் பின்னால், கட்டிலில் மகிழினி காதில் வேப்ப ஈர்க்கோடு தூங்கிக்கொண்டிருந்தது. காது லேசாகச் சிவந்திருந்தது, வேறொன்றும் இல்லை.

எனக்கு ஆசையாக இருந்தது, மறைக்க மாட்டேன். கூடத்துக்குப் போய் இரண்டு கையையும் நீட்டி, இது எங்களது தங்கம், இது உங்களது மாவு என்று சொல்லிவிட எனக்கு அவ்வளவு ஆசை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, என்னிடம் இருப்பது நிஜம், உன்னிடம் இருப்பது பொய். மூளிக்காதோடு சபையில் நின்றதற்கு அது ஒன்றுதான் கூலி. இவர் தலைகூட நிமிர்ந்துவிடும்.

கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகினேன்.

துணி முடிப்பைப் பிரித்து என் கம்மலை அவனுக்குக் காட்டினேன். “இதையும் நீ கொண்டுபோய் வித்துட்டன்னு தெரிஞ்சுது, உன் கையை ஒடிச்சிருவேன். புண்ணு ஆறினதும் இது பிள்ளை காதுல ஏறணும். நான் வந்து தொட்டுப் பாப்பேன்” என்றேன். அவன் தலையாட்டினான்.

கூடத்துக்கு வந்து, என் கம்மலை விஜயராணியின் கையில் வைத்தேன். “இந்தாங்க பெரியம்மா, உங்க மகன் கம்மல்.”

அவள் உள்ளங்கையைச் சற்று ஏற்றி இறக்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. நடிப்பில்லாத மலர்ச்சி. “பாத்தியா? தங்கம்னா தங்கம்தான். கைக்கே தெரியுது பாரு. இதையா மாவுன்னு சொன்ன?”

“கை தப்பிடுச்சு பெரியம்மா.”

“பரவாயில்ல விடு” என்றாள், இரக்கமாக. “உங்களுக்குத் தங்கம் தொட்டுப் பழக்கமிருக்காது, பாவம்.”

நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டேன். ரத்தம் உப்புக் கரித்தது. திரும்பிப்போய்த் துடைப்பத்தை எடுத்து மிச்ச மாவைக் கூட்டினேன். கைக்குட்டையில் இருந்ததையும் அதோடு கொட்டினேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் இவரிடம் சொன்னேன். “எங்கிட்டயாவது சொன்னியே” என்றார். அவ்வளவுதான். காலையில் குழாயடியில் நான் கேட்டதற்கு அது மன்னிப்பா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியாது.

மறுநாள் மூட்டையை அந்தோணியின் கடைக்கு நானே கொண்டுபோனேன். தராசில் வைத்தான், புருவத்தை நெரித்தான், இறக்கி மறுபடி வைத்தான்.

“கொறைஞ்சிருக்கா தம்பி?”

“இல்லக்கா, கூட இருக்கு. கொடுத்ததைவிட ஒரு சிட்டிகை அதிகம். என் மாவுக்கு நெறை தப்பாது. வேற யாரு வீட்டு மாவோ கலந்திருக்கு. ஒவ்வொரு மணியிலயும் அடையாளம் இருக்கும், யாரு பேருல போனதுன்னு இப்பவே பாத்துச் சொல்லிடலாம்.” அவன் கை திரைப்பக்கம் போனது.

“வேண்டாம்” என்றேன். “அது எங்க வீட்டுதுதான்.”

அந்தோணி என் மூளிக்காதைப் பார்த்தான். பிறகு திரையை விட்டுக் கையை எடுத்து, மூட்டையைத் தூக்கி டிரம்மில் கொட்டினான்.